ஹேக் அமைதி அரண்மனை: வாசலோடு திரும்பாமல் உள்ளே சென்று பார்த்தால்

நெதர்லாந்துக்கு வரும் நம் ஊர்ச் சுற்றுலாக் குழுக்களில் பலவும் ஹேக் நகரின் அமைதி அரண்மனையை இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்கின்றன. பேருந்து நிற்கும், கால் மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளலாம், பிறகு அடுத்த ஊர். என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரலில் 'அமைதி அரண்மனை' என்று பெரிய எழுத்தில் இருந்ததே தவிர, 'உள்ளே' என்ற சொல் எங்கும் இல்லை என்பதை ஊர் திரும்பிய பின்னரே கவனித்தேன். பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்தி, வணிகத்தாலும் பொது விதிகளாலும் நாடுகள் போரைத் தவிர்க்க முடியும் என்னும் தாராளவாதக் கோட்பாட்டைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவன், அந்தக் கோட்பாட்டுக்காகவே கட்டப்பட்ட கட்டடத்தை வாசலோடு பார்த்துத் திரும்பியது உறுத்தலாகவே இருந்தது. இரண்டாம் முறை தனியாகச் சென்று பார்த்ததன் மதிப்புரை இது.

இங்கே இருவகைச் சேவைகள் உண்டு. வாசலை ஒட்டியுள்ள பார்வையாளர் மையத்தில் ஒலிவழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்காட்சியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அரண்மனைக்குள் செல்ல வேண்டுமானால் வழிகாட்டியுடன் கூடிய கட்டணச் சுற்றில் முன்கூட்டியே இணையத்தில் இடம் பதிந்திருக்க வேண்டும். அடையாள ஆவணமும் கையில் இருக்க வேண்டும். நாடுகளுக்கு இடையிலான பூசல்களை விசாரிக்கும் பன்னாட்டு நீதிமன்றமும் நிரந்தர நடுவர் நீதிமன்றமும் அன்றாடம் இயங்கும் இடம் என்பதால், குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே சுற்று நடக்கும். அமர்வுகளைப் பொறுத்து அதுவும் மாறும். 1-ஆம் எண் டிராமில் ஏறினால் அரண்மனையின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது.

வழிகாட்டி முன்னால் நடக்கும்போது நாம் கவனிக்க வேண்டிய முதல் செய்தி கதவுகளில் இருக்கிறது. அரண்மனை கட்டப்பட்டபோது பல நாடுகளும் ஏதாவது ஒரு பொருளை அன்பளிப்பாக அனுப்பின. தரைக்கும் சுவருக்கும் இத்தாலி பளிங்கு தந்தது. கோபுரக் கடிகாரம் சுவிட்சர்லாந்திலிருந்தும், சுவரை மூடும் பட்டுத் திரைகள் ஜப்பானிலிருந்தும் வந்தன. ரஷ்யப் பேரரசர் 3 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஜாடி ஒன்றை அனுப்பினார். வெளியே உள்ள இரும்பு வேலி ஜெர்மனியின் அன்பளிப்பு, கட்டடத்தின் கதவு பெல்ஜியத்தின் அன்பளிப்பு. அரண்மனை திறக்கப்பட்டது 1913 ஆகஸ்ட் 28 அன்று. அடுத்த ஆகஸ்ட் முழுமையாக முடிவதற்குள், வேலி தந்த நாட்டின் படை கதவு தந்த நாட்டுக்குள் புகுந்துவிட்டது. அந்த இரண்டுக்கும் இடையிலான தோட்டத்தை நடந்து கடக்க ஒரு நிமிடம்தான் ஆகிறது. பாடப்புத்தகத்தின் ஒரு முழு அத்தியாயத்தை விட அந்த ஒரு நிமிடம் எனக்குக் கூடுதலாகக் கற்றுக்கொடுத்தது.

கட்டடத்தின் பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு செல்வது நல்லது. 1899-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலசின் அழைப்பை ஏற்று 26 நாடுகள் ஹேக்கில் கூடின. ஆயுதக் குறைப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், நாடுகளுக்கு இடையிலான பூசல்களை நடுவர்களிடம் கொண்டு செல்ல நிரந்தரமான ஓர் அமைப்பு உருவானது. அதற்கொரு வீடு கட்ட 1903-இல் 15 லட்சம் டாலர் கொடுத்தவர் அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. அவருடைய ஆலைதான் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குக் கவசத் தகடும் செய்து கொடுத்தது என்பதை நான் மாணவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. வணிகம் வளர்ந்தால் போர் குறையும் என்னும் தாராளவாத வாதத்துக்கு அவரை விடச் சிக்கலான சான்று கிடைப்பது அரிது.

சுற்றின் உச்சம் பெரிய நீதி மண்டபம். அங்கே பிரிட்டன் அன்பளிப்பாகத் தந்த, ஸ்காட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் ஸ்ட்ராகன் வடிவமைத்த நான்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இருக்கின்றன. ஆதிகாலம், படையெடுப்புக் காலம், நிகழ்காலம், அமைதி கைகூடும் காலம் என்று மனிதகுலம் படிப்படியாக மேலேறுவதாக அவை சொல்கின்றன. வரலாறு ஒரே திசையில் நடக்கிறது, பகுத்தறிவு பழகப் பழகப் போர் கழன்றுவிடும் என்னும் நம்பிக்கையை வண்ணத்தில் இவ்வளவு துணிவாக எழுதிய வேறோர் இடத்தை நான் பார்த்ததில்லை. கண்ணுக்கு அழகு, கருத்துக்கு ஆபத்து என்பது என் கணிப்பு. தாராளவாதத்தின் மூலவர்களில் ஒருவரான இம்மானுவேல் கான்ட் இவ்வளவு எளிதாக நம்பியவர் அல்லர். 1795-இல் வெளிவந்த நிலையான அமைதி பற்றிய தம் கட்டுரையை அவர் தொடங்கியதே ஒரு டச்சு விடுதிக்காரரின் பெயர்ப்பலகையை வைத்துத்தான்: 'நிலையான அமைதிக்கு' என்ற வாசகம், அதனுடன் வரையப்பட்ட ஒரு இடுகாடு. குடியரசு ஆட்சி, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு, அயலார் பகைவராக நடத்தப்படாமல் வந்து செல்லும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அமைதி வரலாம் என்ற அவர், அது தானாக வந்து நிற்கும் என்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அந்தச் சாளரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் இது ஒரு கோயில் என்ற எண்ணமே மிஞ்சும். உண்மையில் இது ஒரு பஞ்சாயத்து அலுவலகம். இதன் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. செல்வதற்கு முன் ஓரிரு வழக்குகளைப் படித்துவிட்டுச் செல்லுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். வங்கக் கடல் எல்லை குறித்து இந்தியாவுக்கு எதிராக வங்கதேசம் தொடுத்த வழக்கின் வாதங்கள் 2013 டிசம்பரில் இங்கே கேட்கப்பட்டன. 2014 ஜூலையில் வந்த தீர்ப்பு, பூசலுக்கு உட்பட்ட 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. கடற்படை பல மடங்கு பெரிதாக உள்ள இந்தியா அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. வலியவன் ஏன் பணிய வேண்டும் என்று, நாடுகளின் நடத்தையை வலிமையே முடிவு செய்கிறது என்று கருதும் யதார்த்தவாதி கேட்பார். விதிகள் நிலைத்திருப்பதால் நாளை கிடைக்கும் பயன் இன்று இழக்கும் கடலை விடப் பெரிது என்று தாராளவாதி பதில் சொல்வார். தென்சீனக் கடல் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பைச் சீனா ஏற்க மறுத்ததையும், நிகரகுவா வழக்கில் 1986-இல் வந்த தீர்ப்பை அமெரிக்கா புறக்கணித்ததையும் அதே தாராளவாதி விளக்கியாக வேண்டும் என்பதும் உண்மை.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்றும் உண்டு. 2012 பிப்ரவரியில் கேரளக் கடற்பகுதியில் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து கடற்படை வீரர்கள் சுட்டதில் மீனவர் இருவர் இறந்தனர். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்தப் பூசல் இங்கே நடுவர் தீர்ப்பாயத்துக்கு வந்து, வீரர்களுக்கு இந்திய நீதிமன்றங்களிலிருந்து விலக்குரிமை உண்டு (இது மூவருக்கு இருவர் என்ற வாக்கில்), ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020-இல் முடிந்தது. 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட பின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்கை முடித்துவைத்தது. இரு நாடுகளின் உறவு சீரானது; சுட்டவர்கள் மீதான குற்ற விசாரணை நம் நீதிமன்றத்தில் நடந்து முடியவில்லை. அரசுகளுக்கு இடையிலான அமைதியும் ஒரு மீனவக் குடும்பம் எதிர்பார்க்கும் நியாயமும் ஒரே பொருள் அல்ல என்பதை, வழிகாட்டியின் பின்னால் அந்தப் பளிங்குத் தரையில் நடக்கும்போது என்னால் மறக்க முடியவில்லை.

நேரம் குறைவாக இருப்பவர்களுக்குப் பார்வையாளர் மையமே போதும். அரசியல் அறிவியல், சட்டம் படிப்பவர்கள், குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் உள்ளே செல்லும் சுற்றுக்கு ஏற்ற நாளை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பயணத் தேதியை முடிவு செய்யலாம். கொடுக்கும் பணத்துக்குக் குறைவில்லை. சிறு குழந்தைகளுக்கு இது சலிப்பூட்டும். சுற்றுலா நிறுவனத்தின் குழுவுடன் செல்கிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே 'உள்ளே அழைத்துச் செல்வீர்களா' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.