மேப்பிள் சிரப் தொடக்கக் கிட்: முனைகள் அருமை, வெப்பமானி வேண்டாம்

மேப்பிள் மரத்தின் சாற்றை இறக்கி, பாகாகக் காய்ச்சினால் மேப்பிள் சிரப். அதற்கு, சாறு வடிய மரத்தில் செருகும் 8 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு முனைகள், அதே அளவு துளையிடும் பிட், குழல், வடிதுணி, வெப்பமானி. கிட்டில் இவ்வளவுதான்.

முனைகளுக்கு முழு மதிப்பெண். 4 செ.மீ. ஆழம் துளைத்து மெல்லத் தட்டினாலே இறுகிவிடும். ஓங்கி அடித்தால் மரம் விரிசல்விட்டுச் சாறு பக்கவாட்டில் கசியும். அடிமரம் 30 செ.மீ. விட்டமாவது இருக்கட்டும், இளமரத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வெப்பமானிதான் ஏமாற்றம். தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் சிரப் பதம். அந்தக் கொதிநிலையே காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதால் அன்றன்று தண்ணீரைக் கொதிக்கவைத்து அளக்க வேண்டும். 2 டிகிரிக்கு ஒரு கோடு போட்ட கருவியால் அது ஆகாது. பதம் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். மிஞ்சினால் புட்டியின் அடியில் கற்கண்டாக உறையும். தனியாக ஹைட்ரோமீட்டர் (பாகின் அடர்த்தியை அளக்கும் கருவி) வாங்குங்கள், 66 முதல் 67 பிரிக்ஸில் (எடையில் சர்க்கரைச் சதவீதம்) இறக்குங்கள்.

வடிதுணி நல்ல கனம். சூடாக ஊற்றினால் மணல்போன்ற கசடு மேலேயே தங்கும், ஆறினால் பாகு இறங்காது.

பாத்திரம் கிட்டில் இல்லை. சுமார் 40 லிட்டர் சாறு வற்றினால்தான் 1 லிட்டர் சிரப். அகலமான தட்டைப் பாத்திரமும் வெளியில் ஓர் அடுப்பும் கட்டாயம்.