டிஸ்னி வேர்ல்ட் 4 நாள் டிக்கெட்: மிஞ்சின நாளை பெறாமகளுக்குக் குடுக்கலாமா?

திருகோணமலையில இருந்து போன வருசம் குடும்பமா கனடா போய், அங்க இருந்து அண்ணா ஆக்களோட வான்ல புளோரிடா போய் வந்தனாங்கள், வந்த நாள்ல இருந்து உப்புவெளியில பாக்கிறாக்கள் எல்லாம் டிஸ்னி எப்பிடி, டிக்கெட் எவ்வளவு, எத்தனை நாள் எடுக்கலாம் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம், அதான் ஒரேயடியா எழுதுறன். ஏறி ஓடுற றைட்டுகள், பொம்மை, வாணவேடிக்கை பற்றி எல்லாம் வீடியோ கனக்க கிடக்குது. நான் டிக்கெட்டைப் பற்றி மட்டும் கதைக்கப் போறன், ஏனெண்டா எங்கட வீட்டில ஒரு சண்டையே அந்த டிக்கெட்டாலதான் வந்தது.

முதல்ல சாமான் என்னெண்டு சொல்லுறன். ஓர்லண்டோ பக்கத்தில இருக்கிற வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் ஒரு பார்க் இல்ல, நாலு பார்க். மேஜிக் கிங்டம் 1971ல திறந்தது, எப்கொட் 1982, ஹொலிவூட் ஸ்டூடியோஸ் 1989, அனிமல் கிங்டம் 1998. ஒரு பார்க்கை ஒழுங்கா பாக்க ஒரு முழு நாள் வேணும். ஒரு நாள் டிக்கெட் எடுத்தா ஆளுக்கு 100 டொலருக்கு மேல, கூட்டமான நாளெண்டா 150யும் தாண்டும், ஆனா நாள் கூடக் கூட ஒரு நாளைக்கு விழுற விலை குறைஞ்சுகொண்டே போகும். 4 நாள் டிக்கெட்டுக்கும் 5 நாள் டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாத்தா, தனியா ஒரு நாள் எடுக்கிற காசை விட நல்லாக் குறைவு. 3 வயசுக்குக் கீழ எண்டா டிக்கெட்டே தேவையில்ல, 3ல இருந்து 9 வரைக்கும் சின்னாக்கள் டிக்கெட், 10 வயசெண்டா பெரியாள் கணக்கு. 4 நாளையும் அடுத்தடுத்து போக வேணும் எண்டில்ல, தொடங்கிற திகதியில இருந்து 7 நாளுக்குள்ள முடிச்சா சரி. வாகனம் நிப்பாட்டத் தனிக் காசு, வரிசையில நிக்காம போற லைட்னிங் லேனுக்கும் தனிக் காசு. நல்ல விசயமும் இருக்கு, சாப்பாடு நாங்களே கட்டிக்கொண்டு போகலாம், அண்ணி ரெண்டு நாள் சம்பல் பாணும் ஒரு நாள் புளிச்சாதமும் கட்டித் தந்தவ, பையைத் திறந்து பாத்திட்டு விட்டுட்டாங்கள். ஐஸ் தண்ணி சாப்பாட்டுக் கடையில கேட்டா சும்மா தருவாங்கள், அந்த வெயிலுக்கு இதைத் தெரிஞ்சு வச்சிருக்கிறது பெரிய உதவி.

இனி சண்டைக்கு வாறன்.

டிக்கெட் எல்லாத்துக்கும் காசு குடுத்தது அண்ணா. இதை முதலே சொல்ல வேணும், இல்லாட்டி அவரைப் பிழையா நினைப்பீங்கள். எங்களுக்கு விசா கிடைச்சதே பெரிய விசயம், திரும்ப எப்ப வருவமோ தெரியாது எண்டு அவர் எங்க நாலு பேருக்கும் 4 நாள் டிக்கெட் எடுத்தார், அவை ஏற்கனவே ரெண்டு தரம் போனாக்கள் எண்டபடியா தன்ர குடும்பத்துக்கு 3 நாள் மட்டும் எடுத்தார். நாலாம் நாள் நாங்க மட்டும் அனிமல் கிங்டம் போறது, அவை ஹோட்டல்ல நீச்சல் குளத்தில நிக்கிறது, இதுதான் பிளான்.

நாலாம் நாள் விடிய எழும்பினா எங்கட சின்னவளுக்கு நல்ல காய்ச்சல். 7 வயசு. மனிசி நான் இவளோட நிக்கிறன் நீங்க மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டா. அப்ப ரெண்டு டிக்கெட் மிச்சம். அண்ணாட மகள், எனக்குப் பெறாமகள், 8 வயசு, அவளுக்கு அந்த பார்க்கில ஒட்டகச்சிவிங்கி பாக்க வேணும் எண்டு ரெண்டு நாளா ஆசை. அண்ணா சொன்னார், "தம்பி, சின்னவள்ட டிக்கெட் சும்மாதானே கிடக்குது, இவளைக் கூட்டிக்கொண்டு போ."

டிஸ்னி டிக்கெட் ஒரு நாள் பாவிச்சாப் பிறகு வேற ஆளுக்கு மாத்தேலாத டிக்கெட். எந்த ஆள் முதல் நாள் பாவிச்சாரோ அவர்தான் கடைசி நாளும் பாவிக்க வேணும். அதுக்குத்தான் வாசல்ல விரல் வைக்கச் சொல்லுறாங்கள். விரல் படத்தை அப்பிடியே வச்சிருக்கிறேல்ல, அதை ஒரு இலக்கமா மாத்திப்போட்டு படத்தை அழிச்சிடுவம் எண்டு அவங்கட விளக்கத்தில இருக்கு, விரல் வைக்க விருப்பமில்லாதாக்கள் படம் உள்ள அடையாள அட்டையைக் காட்டலாம். ஆகவே என்ர மனிசிட டிக்கெட்டில அண்ணி போறதெண்டா நடக்காது, விரல் காட்டிக் குடுத்திடும். ஆனா சின்னப்பிள்ளையளுக்குப் பதிலா தாய் தகப்பன் விரல் வைக்கலாம். சின்னவள்ட விரல் முதல் நாள் ஒழுங்கா பதியேல்ல, அங்க வேலைக்கு நிண்ட பிள்ளை சிரிச்சுக்கொண்டு என்னை வைக்கச் சொன்னது, அதுக்குப் பிறகு மூண்டு நாளும் அவளுக்கு நான்தான் விரல் வச்சனான். அப்ப நாலாம் நாள் சின்னவள்ட டிக்கெட்டில பெறாமகள் போனா ஒருத்தருக்கும் தெரிய வராது. விரல் என்ர விரல், ரெண்டும் ஒரே உயரப் பொம்பிளைப் பிள்ளையள், வெள்ளைக்காரருக்கு முகம் வித்தியாசமும் பிடிபடாது. இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்லுறன் எண்டா, பிடிபடுவம் எண்ட பயத்தில நான் மாட்டன் எண்டு சொல்லேல்ல.

அண்ணாட நியாயம் லேசான நியாயம் இல்ல. காசு நான் குடுத்தனான், நாலு நாளுக்குக் குடுத்தனான், அந்த நாலாம் நாள் ஒரு பிள்ளை போற இடத்தில இன்னொரு பிள்ளை போகுது, உள்ளுக்க போற தலைக்கணக்கு கூடவும் இல்ல குறையவும் இல்ல, அவ்வளவு பெரிய கம்பனிக்கு இதால என்ன நட்டம் எண்டு கேட்டார். அந்த ஒரு நாளை மட்டும் பாத்தா அவர் சொன்னது சரி, நட்டம் ஒருத்தருக்கும் இல்ல. எங்கட குடும்பங்களில சட்டை, புத்தகம், சைக்கிள் எல்லாம் ஒரு பிள்ளையில இருந்து மற்றப் பிள்ளைக்குப் போறதுதானே, அப்பிடி வளந்தாக்களுக்கு "இது உன்ர பேரில, அவளுக்குக் குடுக்கேலாது" எண்டு சொல்லுறது ஏதோ தன்னலம் மாதிரித்தான் கேக்கும்.

எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது ரயில் சீசன் டிக்கெட். கொழும்பில வேலை செய்த காலத்தில ராகமையில அறை, கோட்டைக்கு ஒவ்வொரு நாளும் ரயில், மாசச் சீசன் வச்சிருந்தனான். அறையில இருந்த பெடியன் ஞாயிற்றுக்கிழமையில மச்சான் சீசனைத் தா எண்டு கேப்பான், நானும் குடுத்திருக்கிறன், பல தரம். அப்ப யோசிக்கேல்ல. சீசன் ஏன் மலிவு? ஒவ்வொரு நாளும் டிக்கெட் எடுக்கிறதை விட ஏன் அவ்வளவு குறைச்சுத் தாறாங்கள்? ஒரு ஆள் தன்ர வேலைக்குப் போய் வர எண்டு நம்பித் தாறாங்கள். ஞாயிறு நான் போகாம வீட்டில படுத்துக் கிடக்கிறதும் அந்த விலைக்குள்ள இருக்கு. டிஸ்னி பல நாள் டிக்கெட்டும் அதே கணக்குத்தான், நாலாம் நாள், ஐஞ்சாம் நாள் மலிவா வாறது, அதே ஆள் திரும்பத் திரும்ப வருவார், சில ஆக்கள் களைச்சு ஒரு நாளை விட்டிடுவினம் எண்ட கணக்கிலதான். 10 நாள் டிக்கெட் ஒண்டை எடுத்து ரெண்டு குடும்பம் ஐஞ்சு ஐஞ்சா பிரிச்சா ரெண்டு பேருமே குடுக்க வேண்டிய காசைக் குடுக்கேல்ல. நாங்க மலிவு விலையை வாங்கிப்போட்டு அந்த விலையோட வந்த கட்டுப்பாட்டை மட்டும் வேண்டாம் எண்டுறம். நான் சீசனைக் குடுத்ததும் பிழைதான், இப்ப சொல்லுறதில எனக்கு வெக்கமில்ல.

இது ஒரு காலத்தில இப்பிடி இருக்கேல்ல எண்டதையும் சொல்ல வேணும். தொடக்கத்தில உள்ளுக்க போக பெரியாளுக்கு 3.50 டொலர், பிறகு ஒவ்வொரு றைட்டுக்கும் கூப்பன், ஏ பி சி டி ஈ எண்டு தரம் பிரிச்சு புத்தகமா விப்பாங்கள், ஈ கூப்பன்தான் திறமான றைட்டுக்கு. 1982ல கூப்பனை நிப்பாட்டிப்போட்டு நாள் கணக்குக்கு வந்தாங்கள். கன காலம் பல நாள் டிக்கெட்டில மிஞ்சின நாளுக்கு முடிவுத் திகதியே இல்ல, 2005ல முறையை மாத்தி அதுக்குப் பிறகுதான் நாள் காலாவதியாகத் தொடங்கினது. முடிவில்லாத நாள் கையில கிடந்தா அதை விக்க ஒரு சந்தையும் வரும்தானே. பார்க்குக்குப் போற கிஸ்ஸிமி பக்கத்து ரோட்டு வழிய மலிவு டிக்கெட் எண்டு போட் போட்ட கடையள் கனக்க. அண்ணாட கூட்டாளி குடும்பம் ஒண்டு ஒரு கடையில பாதி பாவிச்ச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய், வாசல்ல விரல் பொருந்தாம, பிள்ளையள் அழ அழ திரும்பி வந்ததாம், கடைக்குப் போய்க் கேட்டா அந்த ஆள் இல்லையாம். புளோரிடாவில இதுக்குச் சட்டமே இருக்கு, 817.361ஆம் பிரிவு, ஒரு தரமாவது பாவிச்ச மாத்தேலாத பல நாள் டிக்கெட்டை வியாபாரமா விக்கிறதோ கைமாத்திறதோ குற்றம். அந்தச் சட்டம் வியாபாரத்தைப் பற்றித்தான் சொல்லுது, சித்தப்பா பெறாமகளைக் கூட்டிப் போறதைப் பற்றி இல்ல. எங்கட விசயம் டிக்கெட் வாங்கேக்க நாங்க ஓம் எண்ட நிபந்தனை. பொலிஸ் வராது எண்டதுக்காக ஓம் எண்டது இல்லையெண்டு ஆகாது.

இவ்வளவும் நான் பிறகு இருந்து யோசிச்சது. அண்டைக்கு விடிய என்னை நிப்பாட்டினது வேற. அண்ணா மகளைக் கூப்பிட்டு, "வாசல்ல ஆரும் பேர் கேட்டா தங்கச்சிட பேரைச் சொல்லு, வயசு கேட்டா ஏழு எண்டு சொல்லு" எண்டார். அவள் அவரைப் பாத்தாள், பிறகு என்னைப் பாத்தாள், "சித்தப்பா, அப்ப நான் அவளா நடிக்க வேணுமா?" எண்டு கேட்டாள். பயந்து கேக்கேல்ல, விளையாட்டு மாதிரித்தான் கேட்டாள். எனக்கு ஓம் எண்டு சொல்ல வாய் வரேல்ல.

"வேண்டாம் அண்ணா, இண்டைக்கு ஒரு நாள் டிக்கெட் புதுசா எடுப்பம், நான் காசு தாறன்" எண்டன். அதுதான் அவருக்குச் சுட்டது. சும்மா ஒரு டிக்கெட் கிடக்க 100 டொலருக்கு மேல குடுத்து இன்னொண்டு வாங்கிறதோ, நீ எனக்குக் காசு தாறதோ எண்டு அறைக்குள்ள போயிட்டார். பெறாமகள் அழுதாள். அவள் அழுத அழுகைக்கு நான்தான் காரணம், அதை நான் இண்டைக்கும் லேசா எடுக்கேல்ல. அண்ணி ஒண்டும் கதைக்கேல்ல, சின்னவளுக்குக் கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு நிண்டா.

மூத்தவளோட போய் அரை நாள்ல திரும்பிட்டன். பார்க் நல்ல பார்க், சஃபாரி வண்டியில ஒட்டகச்சிவிங்கி பக்கத்திலயே வருது, ஹபரணை ரோட்டில யானை பாத்து வளந்த எங்கட பிள்ளைக்கும் அது புதுசாத்தான் இருந்தது. ஆனா மனம் ஹோட்டல்ல கிடந்தது. பின்னேரம் காய்ச்சல் இறங்கின உடன எல்லாப் பிள்ளையளையும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் எண்ட டிஸ்னிட கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனன், அங்க உள்ளுக்க போக டிக்கெட் வேண்டாம், வாகனம் விடவும் காசில்ல, லெகோ கடைக்கு வெளியில பெரிய பெரிய உருவங்கள் கட்டி வச்சிருக்கிறாங்கள், ராத்திரி மட்டும் நிண்டம். டிக்கெட் எடுக்க வசதியில்லாத நாளுக்கு அது உண்மையிலயே நல்ல இடம்.

திரும்பி ரொறொன்ரோ வரைக்கும் 2000 கிலோமீற்றர் ஓட்டம், முதல் நாள் அண்ணா என்னோட ரெண்டு வசனம் கதைச்சிருப்பார். ரெண்டாம் நாள் ஒரு பெற்றோல் செட்டில கோப்பி குடிக்கேக்க அவரா கேட்டார், எங்கட நிலாவெளிக் கடலில இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போக இப்பவும் வெளிநாட்டுக்காரருக்கு வேற விலையோ எண்டு. ஓம், உள்ளூர் ஆக்கள் குடுக்கிறதை விடப் பல மடங்கு எண்டன். போன முறை வரேக்க எங்கட தமிழைக் காட்டிப் பிள்ளையளையும் உள்ளூர் டிக்கெட்டில கொண்டு போனதெல்லோ எண்டார். ஓம் அண்ணா, படகுக்காரனோட கதைச்சது நான்தான் எண்டன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல. அதுக்குப் பிறகு வழமை மாதிரிக் கதைச்சுக்கொண்டு வந்தம்.

போகப் போறாக்களுக்கு. டிக்கெட்டை ஒரு தரமும் பாவிக்கேல்ல எண்டா கவலைப்பட வேண்டாம், டிஸ்னி ஆப்பில குடும்பத்தில வேற ஆளுக்கு மாத்தி விடலாம், திகதி கடந்தாலும் முழுக்கப் பாவிக்காத டிக்கெட்டிட காசைப் புது டிக்கெட்டுக்குக் கழிச்சுக்கொள்ளலாம். ஒரு நாள் பாவிச்சாப் பிறகுதான் பூட்டு விழும். அதால ஆருக்கு எத்தனை நாள் எண்டதை முதல் வாசலுக்குப் போக முதலே இருந்து கதைச்சு முடியுங்கோ. 10 வயசுக்குக் கீழ பிள்ளையள் இருந்தா 4 நாள் எடுத்தாலும் இடையில ஒரு நாள் ஓய்வு வையுங்கோ, 7 நாள் தவணை அதுக்குத்தான், நாங்க மூண்டு நாளும் ஒட்டிப் போய்த்தான் பிள்ளையைக் காய்ச்சல்ல விழுத்தினது. ரோட்டுக் கடையில டிக்கெட் வாங்காதேங்கோ. ரெண்டு குடும்பம் சேந்து போனா ரெண்டுக்கும் ஒரே நாள் கணக்கு எடுங்கோ, ஒரு பிள்ளை போகேக்க மற்றப் பிள்ளை ஹோட்டல்ல நிக்கிற மாதிரி பிளான் போடாதேங்கோ. டிக்கெட்டுக்கு ஐஞ்சுக்கு நாலு போடுவன். அண்ணா ஆக்கள் ஆடி மாசம் கோணேசர் கோயிலுக்கு வருகினம், புறாமலைக்கும் போற பிளான், பிள்ளையள்ட பாஸ்போட்டைக் கைப்பையிலயே வச்சுக்கொண்டு வாங்கோ எண்டு அண்ணிட்டச் சொல்லி வச்சிருக்கிறன்.