ஓடுபாதை முடியும் இடத்தில்: ஈமாஸ் தடுப்புப் படுகை ஒரு மதிப்பீடு

ஓடுபாதையைத் தாண்டி ஓடும் விமானத்தைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ஈமாஸ் என்னும் தடுப்புப் படுகை, மலையுச்சியைச் சமன்படுத்திக் கட்டிய விமான நிலையங்களுக்கு உகந்ததா என்ற ஒரே கேள்வியோடுதான் அதை இங்கே மதிப்பிடுகிறேன். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரையும், 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேரையும் பலிகொண்ட விபத்துகள் இரண்டிலும், விமானம் ஓடுபாதையின் முனையைக் கடந்து சரிவில் விழுந்தது.

பொருள் எளியது. நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கட்டிகளை முனைக்கு அப்பால் பரப்பிவைக்கிறார்கள். ஆள் நடந்தால் அவை தாங்கும். விமானச் சக்கரம் ஏறினால் நொறுங்கித் தூளாகும். ஆற்று மணலில் இறங்கிய மாட்டுவண்டியைப் போலச் சக்கரம் புதையப் புதைய வேகம் வடிந்துவிடுகிறது. மின்சாரமோ விமானியின் கையோ தேவையில்லை. மழையில் நனைந்த ஓடுபாதையில் பிரேக் பிடிக்காமல் வரும் விமானத்தையும் அது நிறுத்தும் என்பதையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

1996இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட இப்படுகை, 1999, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே மூன்று விமானங்களை நிறுத்தியது. அவற்றுள் ஒன்று போயிங் 747 சரக்கு விமானம். ஆயினும் நமக்கு நெருக்கமான சான்று, குன்றின் மேல் அமைந்த மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நிலையம். 2010 ஜனவரியில், ஃப்ளாப் எனப்படும் இறக்கை மடிப்புகள் சரியாக வைக்கப்படாத நிலையில் மேலெழ ஓடிய சிறிய ஜெட் ஒன்று, மிகத் தாமதமாக அந்த ஓட்டத்தைக் கைவிட்டு முனையைத் தாண்டியது. ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் கட்டிகளை உழுதுகொண்டு போய் நின்றது. படுகைக்கு அப்பால் செங்குத்தான சரிவு. உள்ளே இருந்த 34 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. மங்களூர் விபத்து நடந்தது அதற்கு நான்கே மாதங்கள் கழித்து என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பொதுவாக 70 நாட், அதாவது மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்துக்கே இது வடிவமைக்கப்படுகிறது. அதைவிட வேகமாக வந்தாலும், பக்கவாட்டில் விலகிப் போனாலும் உறுதி சொல்ல முடியாது. நொறுங்கிய கட்டிகளை மாற்றும் செலவும் சிறிதல்ல. நிலம் இருக்கும் நிலையங்கள், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பரிந்துரைக்கும் 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பை ஒதுக்குவதே நல்லது.

சார்ல்ஸ்டனிலேயே 2015 மார்ச்சில், மண் கொட்டி உயர்த்திய சரிவு இடிந்து, 34 உயிர்களைக் காத்த அந்தப் படுகையையும் இழுத்துக்கொண்டு போனது. புதியது 2019இல்தான் அமைந்தது. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழை பெய்யும் நம் டேபிள்டாப் நிலையங்களுக்கு, அதாவது மலையுச்சி நிலையங்களுக்கு, இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் கட்டிகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், அவை அமரப்போகும் சரிவின் மண் ஆய்வறிக்கை கையில் இருக்க வேண்டும்.