கெண்டைக்காலில் குறி வைப்பது எப்படி: விரல், பேனா, ஊசி, ஸ்கேன்

கெண்டைக்காலுக்கு மின்தூண்டல் கொடுக்கவோ, இறுக்கம் தளர்த்தும் ஊசி போடவோ நாம் குறிவைக்கும் இடங்கள் மூன்று. நரம்புக் கிளை சதைக்குள் புகும் இடம் ஒன்று. மிகக் குறைந்த மின்சாரத்துக்கே சதை துடிக்கும் தோல் புள்ளி, அதாவது மோட்டார் பாயிண்ட், இன்னொன்று. நரம்பு முனைகள் சதையின் நார்களைத் தொடும் பட்டை மூன்றாவது. கெண்டைக்காலின் மேற்சதை, உள்பக்கம் வெளிப்பக்கம் என இரண்டு தலைகள் கொண்ட காஸ்ட்ராக்னீமியஸ். காலின் பின்புறம் இறங்கும் டிபியல் நரம்பின் கிளைகள் முழங்கால் மடிப்பை ஒட்டியே அதன் ஆழ்பக்கமாகப் புகுந்துவிடும். அதன் நார்களோ குட்டையானவை, சாய்வாக ஓடுபவை. நரம்பு முனை ஒவ்வொரு நாரின் நடுவிலும் இருப்பதால் அந்தப் பட்டை சதையின் நீளவாக்கில் இறங்கிவரும். இந்த மூன்றில் எதைத் தேடுகிறோம் என்பதே கருவியைத் தீர்மானிக்கிறது.

விரலால் தடவி, மடிப்பிலிருந்து அளந்து குறிப்பதற்குச் செலவில்லை. உள்பக்கத் தலை தோலுக்கு அருகில் இருப்பதால் சதைப்பிடிப்புள்ள காலில் ஓரளவு சரியாக வரும். பக்கவாதத்தில் சூம்பிய காலிலும் குழந்தையின் காலிலும் இதை நம்ப முடியாது. ஊசி காஸ்ட்ராக்னீமியஸைத் தாண்டி, அதற்கு அடியில் உள்ள சோலியஸ் சதைக்குள் போனாலும் கைக்குத் தெரியாது. ஆனால் எந்த முறைக்கும் முன்னால் கையால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை பாதத்தை மேலே தள்ளுங்கள். மடக்கியதும் இறுக்கம் விட்டால் காஸ்ட்ராக்னீமியஸ். மடக்கியும் விடாவிட்டால் சோலியஸுக்கும் பங்கு உண்டு, அல்லது தசைநாண் குறுகியிருக்கிறது.

தினசரி மின்தூண்டல் பயிற்சிக்கு, பேனா போல் பிடித்துத் தோலில் வைக்கும் பேனா எலக்ட்ரோடுதான் எங்கள் தேர்வு. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கணுக்காலுக்கு அடியில் சிறு தலையணை வையுங்கள். சேலத்தில் பெரும்பாலான பெண்கள் வெள்ளிக் கொலுசு போட்டிருப்பார்கள். கழற்றியே ஆக வேண்டும், உலோகத்தில் மின்சாரம் குவிந்தால் தோல் சுடும். தைலம் தேய்த்த கால் என்றால் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் மின்சாரத்தைத் தடுக்க, நாம் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். ஏற்காட்டின் குளிர்ந்த காலையில் காலைப் போர்த்திச் சூடாக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இன்னொரு எலக்ட்ரோடான பெரிய ஒட்டுப் பட்டையைத் தொடையின் பின்புறம் ஒட்டி, பேனாவை எதிர்மின் (நெகட்டிவ்) முனையாக வைத்துக்கொள்ளுங்கள். மின்துடிப்பின் அகலம் 0.1 முதல் 0.2 மில்லிசெகண்ட், வேகம் நொடிக்கு 1 அல்லது 2. லேசான துடிப்பு வரும்வரை மட்டும் கூட்டி, ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். துடிப்பு பெருத்தால் அளவைக் குறைத்து மறுபடி தேடுங்கள். எங்கே மிகக் குறைவில் துடிக்கிறதோ அங்கே பென்சிலால் புள்ளி.

பாதம் சொல்வதைக் கவனியுங்கள். விரல்கள் சுருண்டால் மின்சாரம் ஆழத்துச் சதைகளுக்குப் போகிறது. மடிப்புக்கு அருகில் மொத்தக் கெண்டையும் ஒரே நேரத்தில் துள்ளினால் நீங்கள் நிற்பது டிபியல் நரம்பின் முதன்மைத் தண்டின் மேல். பாதம் மேல்நோக்கி எழும்பினால் வெளிப்பக்கத்துப் பெரோனியல் நரம்புக்குத் தாவிவிட்டது. முழங்காலை அசைத்தால் தோல் சதையின் மேல் நழுவும். படுத்துக் குறித்த புள்ளி நிற்கும்போது பொருந்தாது. எந்த நிலையில் பயிற்சியோ அதே நிலையில் தேடுங்கள்.

எவ்வளவு கூட்டியும் துடிக்காத கால் வேறு கதை. பிட்டத்தில் போட்ட ஊசியால் நரம்பு அடிபட்டதாக இருக்கலாம். நரம்பிழந்த சதைக்கு மோட்டார் பாயிண்ட் கிடையாது. அதற்கு 100 மில்லிசெகண்டுக்கு மேற்பட்ட நீண்ட மின்துடிப்பு வேண்டும். பேனாவை வைத்துவிட்டு நரம்பு வேகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கால் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் இரத்தக்கட்டி இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை எந்தத் தூண்டலும் கூடாது.

இறுக்கம் குறைக்க நரம்புக் கிளையை முடக்கும் ஃபீனால் மருந்தைச் செலுத்தும் மருத்துவருக்குப் பேனா போதாது. நுனி மட்டும் திறந்த, உறையிட்ட தூண்டல் ஊசி வேண்டும். 1 மில்லியாம்பியருக்குக் கீழே இறக்கியும் சதை துடித்தால் கிளையை நெருங்கியாயிற்று. இங்கே துல்லியம் தவறினால் விலை அதிகம்: டிபியல் தண்டு உள்ளங்காலின் உணர்ச்சியையும் சுமக்கிறது, அதில் மருந்து பட்டால் மாதக்கணக்கில் எரிச்சல் வரலாம்.

நரம்பு முனையில் வேலை செய்து சதையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முன்னிற்கிறது. இரு சதைகளுக்கும் நடுவே வெள்ளைக் கோடாக ஓடும் நார்த்தகடு, இரத்தக்குழாய், ஊசி நுனி எல்லாம் கண்ணெதிரே தெரியும். நரம்பு முனைப் பட்டை மட்டும் தெரியாது; அது நீண்டு கிடப்பதால் ஒரே குத்தாகப் போடாமல் ஒவ்வொரு தலையிலும் மேலும் கீழுமாகப் பிரித்துப் போடுவதுதான் அறிவுடைமை. சதையின் மின்னோட்டத்தை ஒலியாக்கும் ஈஎம்ஜி ஊசியின் ஒலி இங்கே குறைவாகவே உதவும், இறுகிய கெண்டையில் பக்கத்துச் சதைகளும் சேர்ந்தே இரையும்.

ஸ்கேனுக்குச் சட்டமும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவு பெற்ற இடத்தை விட்டு அந்தக் கருவியை நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய சேலத்தில் அந்தக் கட்டுப்பாடு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் ஊசி போட ஏற்காட்டு நோயாளிதான் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு வர வேண்டும். பேட்டரியில் ஓடும் பேனா ஸ்டிமுலேட்டர் மட்டும் காபித் தோட்டத்து வீடுவரை போகும். அங்கே புள்ளியைக் கண்டதும் முழங்கால் மடிப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து உள்ளே எவ்வளவு என்று சீட்டில் எழுதி, புள்ளியோடு காலைப் படமெடுத்து வீட்டாரின் போனில் போட்டுக் கொடுங்கள். குளித்ததும் பென்சில் குறி அழிந்துவிடும்.