சாப்பாட்டு மேசைக்கு மேலே எந்தச் சரவிளக்கு? குமரி மாவட்டக் கடைகளில் கிடைக்கும் நான்கு வகைகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் சாப்பாட்டு அறைக்கென்று விற்கிற சரவிளக்குகளை நான்காகப் பிரித்துவிடலாம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி மணிகள் தொங்கும் கிரிஸ்டல், வளைய வடிவ எல்.இ.டி., பித்தளைக் கைகள் வைத்த பழைய பாணி, பிரம்புக் கூடு. ஆறு பேர் உட்காரும் மேசைக்கு நான் முதலில் கைகாட்டுவது ஆறு கை பித்தளை விளக்கைத்தான். கடையில் அதிகம் பளபளப்பது அது இல்லை. ஆனால் கடலும் இரண்டு மழைக்காலமும் உள்ள இந்த மாவட்டத்தில் சரவிளக்கு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஒன்று உலோகம், இன்னொன்று எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர். பித்தளை உடம்பும், கழற்றி மாற்றக்கூடிய பல்பும் இருந்தால் இரண்டு கவலையும் குறையும்.

கிரிஸ்டல் வகையைத்தான் பலரும் கேட்டு வருகிறார்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டிய வீடுகளுக்கு இதை வாங்க வேண்டாம். தங்க முலாம் பூசிய சட்டம்கூட சில காலம் தாக்குப்பிடிக்கும். மணியையும் மணியையும் கோத்திருக்கும் மெல்லிய கம்பிதான் முதலில் போகும். முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். உப்பு ஈரம் அதன் வழியே இரும்பைத் தொட்டதும் உள்ளே துரு பெருத்து முலாமைப் பெயர்க்கும். பிறகு கம்பி இற்று, மணி நேரே சாப்பாட்டுத் தட்டில் விழும். விழுவதற்கு முன்பே அடையாளம் தெரியும்: மணியின் துளையைச் சுற்றிப் பழுப்பு வட்டம். அதைக் கண்டால் ஒரு கம்பியை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்த வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். சட்டம், கம்பி, மேலே கூரையோடு ஒட்டும் கிண்ணம், அதன் ஸ்குரூ என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் நினைத்துவிட வேண்டாம்; துத்தநாக வார்ப்பும் ஒட்டாது. கிண்ணத்தின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஆணி முனையால் லேசாகக் கீறச் சொல்லுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் என்றால் வார்ப்பு. கீற விடமாட்டேன் என்கிற கடையில் பித்தளை விலை கொடுக்காதீர்கள்.

மணிகளையும் சோதிக்க வேண்டும். கண்ணாடி தொட்டால் சில்லென்று இருக்கும், ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்னும். அக்ரிலிக் மந்தமாகத் தட்டும், எடை கண்ணாடியில் பாதிதான். அக்ரிலிக்கைத் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், துணியில் தேய்த்தால் மின்னூட்டம் ஏறித் தூசியை மறுபடி இழுக்கும். மலிவான சரக்கு நாளடைவில் மஞ்சளடிக்கவும் செய்யும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேரே அடிக்கும் வீடுகளில் கண்ணாடி மணி இரவெல்லாம் சிலுசிலுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அது பிடிக்கும், பலருக்குத் தூக்கம் கெடும்.

வளைய எல்.இ.டி. பார்க்க அழகு, எடை குறைவு. அலுமினியம் என்பதால் உப்புக்காற்றையும் ஓரளவு தாங்கும். சிக்கல் டிரைவரில். சித்திரை, வைகாசி இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் லைனில் வருகிற மின்னழுத்த எகிறலில் அடிபடுவது இதுதான். ஸ்விட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் வழியே எகிறல் வரலாம். மெயின் போர்டில் எகிறலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, இடி நேரத்தில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரு துருவ எம்.சி.பி. ஸ்விட்சையும் இறக்கி வைப்பதே காவல். வாங்கும் முன் கிண்ணத்தைத் திறந்து டிரைவரைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஐ.எஸ். 15885 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எத்தனை மில்லி ஆம்பியர், எத்தனை முதல் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை டிரைவர் போனால் அதே அளவு வேறு டிரைவரைப் போட அந்தப் படம் போதும். எதுவும் அச்சிடாத வெள்ளைப் பெட்டி என்றால், அது போகும் நாளில் முழு விளக்கும் பரணுக்குப் போகும்.

பித்தளைக்கு வருவோம். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்தவர்களுக்கு, செம்பு கலந்த உலோகம் இந்தக் காற்றில் எப்படி நிற்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கறுக்கும், ஆனால் இற்றுப்போகாது. லாக்கர் என்ற நிறமில்லாத மெருகுப் பூச்சு பூசியது என்றால் வெறும் ஈரத்துணி போதும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்க்கக் கூடாது; லாக்கர் திட்டுத்திட்டாகப் போகும், புளித்தண்ணீர் கைக்குழாய் வழியே ஹோல்டருக்குள் இறங்கும். கண்ணாடிக் கிண்ணம் மேல்நோக்கி இருந்தால் மழைக்குப் பிறகு வரும் ஈசல் முழுவதும் அதில் சேரும். கீழ்நோக்கி இருந்தால் ஈசல் தங்காது, ஆனால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் பல்பு அடிக்கும். கீழ்நோக்கிய பால் கண்ணாடிக் கிண்ணம், பல்பு விளிம்புக்குள் அடங்கும் ஆழம் என்று கேட்டு வாங்குங்கள்.

பிரம்புக் கூடு குலசேகரம், பேச்சிப்பாறை மழைப் பக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். மீன் பொரிக்கிற அடுப்பு அதே கூடத்தில் இருந்தால் எண்ணெய்ப்புகை நாரில் ஊறி, பிறகு கழுவவே முடியாது. தனிச் சாப்பாட்டு அறை உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

அளவில்தான் அதிகப் பணம் வீணாகிறது. விளக்கின் விட்டம் மேசை அகலத்தில் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்குக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். ஐந்தடிக்கு மூன்றடி மேசை என்றால் 18 முதல் 24 இஞ்ச். அதற்கு மேல் போனால் எழுந்திருப்பவர் தலையில் இடிக்கும். ஏழடி மேசைக்கு ஒரே பெரிய வட்ட விளக்கை விட இரண்டு சின்ன விளக்குகளோ, நாலடிக்குச் சற்று மேலான நீள விளக்கோ நன்றாக அமையும்.

உயரம்: மேசைப் பலகையிலிருந்து விளக்கின் அடிவரை 30 முதல் 36 இஞ்ச். கூரை எட்டடிக்கு மேல் போனால் அடிக்கு 3 இஞ்ச் கூட்டிக்கொள்ளலாம். பத்தடிக் கூரைக்குக் கணக்கு இப்படி: மொத்தம் 120 இஞ்ச். மேசை 30, இடைவெளி 38, விளக்கின் உடம்பு 22, மீதி 30 இஞ்ச் சங்கிலி. கூரையோடு ஒட்டும் கிண்ணத்தின் உயரத்தையும் இந்த 30-க்குள் அடக்க வேண்டும். சங்கிலியை முதலிலேயே வெட்ட விடாதீர்கள். தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருப்பவர் முகம் மறைகிறதா என்று பார்த்த பிறகு வெட்டலாம்.

வெளிச்சம் 2000 முதல் 2500 லுமன் போதும். நாலு வாட் மெழுகுவர்த்தி பல்பு ஒன்று ஏறக்குறைய 400 லுமன் தரும். ஆறு பல்புக்குக் கணக்கு சரியாக வரும். மீன் முள் தெரிய வேண்டிய மேசை என்பதால் இதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஒளியின் நிறம் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள். வெள்ளை வெளேரென்ற 6500 கெல்வின் போட்டால் மீன்குழம்பின் சிவப்பு செத்துப்போய்ச் சாம்பலடிக்கும். பொருளின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ.; அது 90 என்று அட்டையில் போட்ட பல்பு கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கலாம். ஹோல்டர் இ14 அல்லது இ27 என்ற திருகு வகை என்றால் மாற்றுப் பல்பு சுலபமாகக் கிடைக்கும். ஜி9 என்ற இரு ஊசி வகை என்றால் வாங்கும்போதே கூடுதலாக நாலு பல்பு எடுத்து வையுங்கள்.

மங்கலாக்க ஃபேன் ரெகுலேட்டரை மாட்டுவது இங்கே வழக்கமாக இருக்கிறது. அது எல்.இ.டி.க்கு ஆகாது, பல்பு துடிக்கும், டிரைவர் சூடாகும். டிம்மபிள் என்று எழுதிய பல்பும், எல்.இ.டி.க்கான டிம்மரும் இரண்டும் சேர்ந்தால்தான் சரிவரும். அணைத்த பிறகும் பல்பு மினுக்கினால் பல்பு கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் ஸ்விட்சில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரல் மாட்டியிருப்பார்கள், அல்லது ஸ்விட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருக்கும்.

இனி ஃபேன். கூரை நடுவில் இருக்கிற ஊக்கு ஃபேனுக்கு. மேசை பெரும்பாலும் அதற்கு நேர் கீழே இருக்காது. 1200 மி.மீ. ஃபேன் நடுவிலிருந்து 600 மி.மீ. வரை சுழலும். அதன் இறக்கை நுனிக்கும் விளக்குக்கும் இரண்டடியாவது விடுங்கள். இடமில்லை என்றால் ஃபேனைச் சுவருக்கு மாற்றுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் சாப்பிட முடியாது, விளக்குக்காக அதைக் கழற்றச் சொல்ல மாட்டேன்.

மாட்டுவதில் ஒரே விதி: பிடிமானம் விளக்கின் எடையைப் போல் நான்கு மடங்கைத் தாங்க வேண்டும். எட்டுக் கிலோ விளக்கு என்றால், 32 கிலோ மணல்மூட்டையை ஊக்கில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு விளக்கை ஏற்றுங்கள். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் வேண்டும், பிளாஸ்டிக் பிளக் கூடாது. ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதைத் துளைத்து மேலே ஸ்லாபில் பிடிக்க வேண்டும். ஜிப்சம் பலகையும் அதன் சேனலும் எடை தாங்க வந்தவை அல்ல. ஓட்டு வீட்டில் மச்சுப் பலகையில் ஸ்குரூ அடிக்காமல், உத்திரத்தை ஊடுருவி மேலே வாஷரும் நட்டும் போட்ட ஊக்குப் போல்ட் வேண்டும். எடையைச் சங்கிலிதான் சுமக்க வேண்டும், ஒயர் தளர்வாகக் கூடவே வரட்டும். உலோக விளக்குக்கு எர்த் கட்டாயம். ஃபேன் பாயிண்டில் எர்த் இழுத்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே ஒயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியைத் துடைக்க, ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீரும். எம்.சி.பி.யை இறக்கி, பல்பு ஆறிய பிறகு, துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். விளக்கின் மேல் நேரே தெளிக்கக் கூடாது. விளக்கைச் சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள், மரை கழன்றுவிடும். ஏணியை நீங்கள் நகர்த்துங்கள். சமையலறை ஒட்டிய கூடத்தில் மாதம் ஒரு தடவை துடைத்தால் எண்ணெய்ப்பிசுக்கு இறுகாது.

பில் போடும்போது மணி பத்தும், கண்ணாடிக் கிண்ணம் இரண்டும் உபரியாகக் கேளுங்கள். அடுத்த வருடம் அதே மாதிரி அச்சு வராது. மாட்டிக்கொடுப்பது விலைக்குள் அடங்குமா, டிரைவருக்கு எத்தனை மாத உத்தரவாதம், மாற்றும் கூலி யார் தலையில் என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.