பித்தளை ஃபில்டர், டபரா டம்ளர்: கும்பகோணத்தில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கும்பகோணத்துப் பாத்திரக்கடைகளில் குத்துவிளக்குக்கும் ஈயச்சொம்புக்கும் நடுவே பித்தளை காபி ஃபில்டரும் டபரா டம்ளரும் பளபளவென்று அடுக்கியிருக்கும். ஷோகேஸில் வைக்க என்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதான். தினமும் விடியற்காலையில் காபி போட என்றால் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: டபரா டம்ளரைப் பித்தளையில் வாங்குங்கள். ஃபில்டர் எவர்சில்வரே போதும்.

காரணம் ஈயப்பூச்சு. டிகாக்‌ஷனுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. பூச்சில்லாத பித்தளையில் தேங்கினால் செம்பு கரைந்து களிம்பு வாடை ஏறும். அதற்காகத்தான் உள்ளே வெள்ளீயம் பூசுகிறார்கள். டம்ளரில் காபி ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம். ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்திலோ ராத்திரி இறங்கிய டிகாக்‌ஷன் காலைவரை நிற்கும். பூச்சு தேய்ந்தது தெரியாமலே நாள் கணக்கில் குடித்துக்கொண்டிருப்போம். துருத்தியும் நவச்சாரமுமாகத் தெருவுக்கே வந்து ஈயம் பூசித் தந்தவர்களை இப்போது பார்ப்பது அரிது. மறுபூச்சு எங்கே செய்து தருவார்கள் என்று விற்கிற கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்றும் கேளுங்கள், காரீயம் விஷம்.

இன்னொரு வசதியும் எவர்சில்வர் பக்கம்தான். ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் மேல்பாத்திரத்தின் அடியைச் சற்று நேரம் கேஸ் தீயில் காட்டினால் ஒட்டிய தூள் கருகி உதிர்ந்துவிடும். பித்தளையில் இதைச் செய்யவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த உலோகமானாலும் கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. மேல்பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓட்டைகள் சின்னதாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிய ஓட்டை என்றால் தூள் கீழே இறங்கி, கடைசி மடக்கில் வண்டல் தட்டும். காம்பு வைத்த அமுக்குத் தட்டு வளையாமல் சமமாக உட்கார வேண்டும். மேல்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்தோடு இறுகப் பூட்டிக்கொள்வது நல்லதல்ல. உள்ளே அடைபட்ட காற்றுக்கு வழி இல்லாவிட்டால் டிகாக்‌ஷன் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றால் மேல்பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி வையுங்கள், மறுபடி சொட்டும்.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குப் பெரிய ஃபில்டர் வாங்கினால் தூள் அடியில் மெல்லிய படலமாகப் பரவும், தண்ணீர் சாரத்தை இழுக்காமல் ஓடிவிடும். தூள் மேல்பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிற்க வேண்டும்.

30 கிராம் தூளுக்கு 180 மில்லி தண்ணீர். தூள் ஏறக்குறைய 60 மில்லியைக் குடித்துக்கொள்ளும், 120 மில்லி டிகாக்‌ஷன் இறங்கும். மூன்று டம்ளருக்கு அது சரி. தூளைப் போட்டு, பாத்திரத்தை லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, தட்டை மேலே வையுங்கள். அழுத்தி இடிக்க வேண்டாம். தளதளவென்று கொதித்த தண்ணீரில் முதலில் இரண்டு கரண்டி மட்டும் ஊற்றி ஒரு நிமிஷம் தூள் ஊறட்டும், பிறகு மீதியைச் சுற்றி ஊற்றி மூடுங்கள். இருபது நிமிஷத்திலிருந்து அரைமணிக்குள் இறங்கினால் பதம் சரி. ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு. ஒருமணி ஆகியும் இறங்காவிட்டால் மாவாக அரைத்துவிட்டார்கள், அல்லது சிக்கரி கூடிவிட்டது.

சிக்கரி வறுத்த வேர். தண்ணீரில் சட்டென்று கரைந்து நிறமும் கொழகொழப்பும் தரும், மணம் தராது. 80க்கு 20 என்பது நல்ல கலவை. 60க்கு 40 போனால் டிகாக்‌ஷன் பார்வைக்குக் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருக்கும், வாயில் வைத்தால் வெறும் கசப்பு. கொட்டையில் பீபெரியும் (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) பிளாண்டேஷன் ஏ-யும் (பெரிய அராபிகா கொட்டை ரகம்) சரிபாதி கேளுங்கள். கண்ணெதிரே அரைத்துத் தருகிற கடையில் ஒரு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் எவ்வளவு நல்ல தூளும் மந்தமாகிவிடும். குடிதண்ணீரையே காபிக்கும் வையுங்கள்.

டிகிரி காபி என்ற பெயர் பால்மானியில் (லாக்டோமீட்டர்) அளந்த பாலிலிருந்து வந்தது என்பார்கள்; முதல் டிகாக்‌ஷனைக் குறிக்கிறது என்றும் சொல்வார்கள். எதை ஏற்றாலும் அதில் உள்ள நிபந்தனை நியாயமானது: பாலில் தண்ணீர் கூடாது, இரண்டாம் டிகாக்‌ஷன் கூடாது. நெடுஞ்சாலைக் கடைகளில் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டி, பித்தளை டபராவில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலை ஊற்றுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பால் ஒருமுறை பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். டம்ளரில் சர்க்கரை, 40 மில்லி டிகாக்‌ஷன், மேலே 90 மில்லி பால். டிகாக்‌ஷன் ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் நேரே சுடவைத்தால் கடுத்துவிடும்.

இனி பித்தளை டம்ளருக்கு வருவோம். எவர்சில்வரைவிடப் பித்தளை பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், டம்ளர் கையைச் சுடும். அதனால்தான் வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு. அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், தூக்கிக் குடிக்கவும் அது தோது. விளிம்பு அரை விரல்கூட மடியாத டம்ளரை வாங்காதீர்கள். டபரா அகலமாகவும், ஒரு டம்ளர் காபி முழுவதையும் கொள்கிற ஆழத்தோடும் இருக்கட்டும். பல கடைகளில் அழகுக்காகத் தட்டையான டபரா வைத்திருக்கிறார்கள், அதில் ஆற்றினால் சிந்தும். இரண்டு மூன்று தடவை ஆற்றினால் நுரை நிற்கும், அதற்குமேல் சூடு போய்விடும்.

பித்தளையை எடை போட்டுத்தான் விற்பார்கள். கையில் கனமாக இருப்பதை எடுங்கள், தகடு மெல்லிசாக இருந்தால் ஒருமுறை கீழே விழுந்தாலே ஒடுங்கிவிடும். உட்புறம் சீராக வெள்ளையாக இருக்க வேண்டும், அடி மூலையில் மஞ்சள் தெரிந்தால் வேறு கேளுங்கள். வெளிப்புறத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கலாம். உள்ளே புளியும் கம்பி நாரும் படவே கூடாது. சோப்பும் மெல்லிய துணியும் போதும்.