அப்பாவின் பெட் ஸ்கேன்: சென்னையில் இரண்டு இடங்கள்

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஹார்மோன் ஊசி, கீமோ எல்லாம் முடிந்தும், நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. ரத்த அளவு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. இனி லுட்டீஷியம் என்ற கதிரியக்க மருந்தைப் பார்க்கலாம் என்றார்கள். மெல்போர்னிலிருந்து வந்த கையோடு, இந்தப் புற்றுநோய் செல்களின் மேல் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன்.

ஸ்கேன் எடுத்த விதத்தில் குறையே இல்லை. ஸ்கேன் ஊசியில் இருக்கும் காலியம் என்ற கதிரியக்கப் பொருள் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால் ஊசி தயாரானதுமே பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். டீ குடிக்கப் போன ஒரு பெரியவரை அவர் மருமகன் ஓடிப்போய் இழுத்து வந்தார்! "ஐயா, பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க" என்று டெக்னீஷியன் இரண்டு தடவை சொன்னார். சிறுநீர்ப்பையில் மருந்து தேங்கினால் பக்கத்தில் இருப்பது மறைந்துவிடுமாம். மாலையே ரிப்போர்ட்.

சங்கடம் அதில்தான். எலும்பில் பல இடங்களில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், அங்கே ஸ்கேன் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இல்லை. கவுண்டரில் முதல் டோஸுக்கு முன்பணம் கட்டச் சொல்வதிலேயே குறியாக இருந்தார்கள்.

ஸ்கேன் மருந்து ஒட்டுகிற அதே பி.எஸ்.எம்.ஏ.வில்தான் லுட்டீஷியம் மருந்தும் போய் ஒட்டுகிறது. ஸ்கேனில் மங்கலாகத் தெரியும் கட்டிக்குச் சிகிச்சையும் குறைவாகவே சேரும். ஸ்கேன் மருந்து எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு எஸ்.யூ.வி. என்று பெயர். ஆஸ்திரேலியாவின் 'தெரா-பி' ஆய்வில் லுட்டீஷியம் எடுத்துக்கொண்டவர்களில், உடல் முழுதுமுள்ள கட்டிகளின் சராசரி எஸ்.யூ.வி. 10-ஐத் தொட்டவர்களில் 91 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. 10-க்குக் கீழே இருந்தவர்களில் 52 சதவீதம். அந்த எண் தெரியாமல் எதை நம்பிப் பணம் கட்டுவது?

சிடியை வாங்கிக்கொண்டு இன்னொரு நியூக்ளியர் மெடிசின் டாக்டரிடம் போனோம். அவர் திரையை அப்பா பக்கம் திருப்பினார். "இது எச்சில் சுரப்பி, எப்படிப் பிரகாசமா இருக்கு பாருங்க. அதனாலதான் இந்த மருந்துல வாய் உலரும்." சராசரி 8 என்று கணக்கிட்டுச் சொன்னார். அதோடு விடாமல், சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் கட்டிகளைக் காட்டும் குளுக்கோஸ் ஸ்கேன் ஒன்றும் எடுக்கச் சொன்னார். அதில் மட்டும் தெரிந்து பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனில் தெரியாத கட்டி இருந்தால் லுட்டீஷியம் அதில் ஒட்டாது. அப்பா சர்க்கரைக்காரர் என்பதால் விரலில் குத்திப் பார்த்த பிறகே ஊசி போட்டார்கள். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு, எடுக்கலாம்" என்றார் டாக்டர். அப்பாவும் சரி என்றார். இரண்டு டோஸுக்குப் பிறகு மறுபடி ஸ்கேன் பார்த்துத்தான் மூன்றாவதைப் பற்றிப் பேசுவார்களாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் சிடியை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு டாக்டரால் அந்த எண்ணைக் கணக்கிட முடியாது.